நான்காம் காண்டத்தில் பாம்பு ஏது?

எம்.ஏ. முதலாண்டில் நான் எழுதிக் கொடுத்த முதற் கட்டுரை திரும்பி வந்தபோது, அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. பக்கத்து ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: "எந்த வரியில்?"

நான் எழுதியிருந்தது இதுதான்: நான்காம் காண்டத்தில் சாத்தான், தன் உடலைப் பாம்பு சுற்றியிருக்க, ஆகாயத்தில் மிதந்தபடியே ஆதாமும் ஏவாளும் தழுவியிருப்பதைப் பார்த்துப் பொருமுகிறான்.

எந்த வரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணமும் எளியது. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' என்னும் காப்பியத்தில் அதுவரை நான் முதற் காண்டத்தைத் தாண்டவில்லை. நான்காம் காண்டத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நூல் நிலையத்தில் கண்ட ஒரு படத்திலிருந்து அறிந்தது. வில்லியம் பிளேக் வரைந்த படம். படத்தைப் பார்த்துப் பாட்டைப் பற்றி எழுதினேன், அகப்பட்டுக்கொண்டேன். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இலக்கியத் துறையைச் சேராத நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மில்டன் 1652ஆம் ஆண்டளவில் பார்வையை முற்றும் இழந்தவர். பிறகு வாயால் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிய காப்பியம் 1667இல் பத்துக் காண்டங்களாக வெளிவந்தது. 1674இல் பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டது. கடவுளோடு போரிட்டுத் தோற்று நரகத்தில் வீழ்ந்த சாத்தான், புதிதாகப் படைக்கப்பட்ட மனித இனத்தைக் கெடுக்க ஏதேன் தோட்டத்திற்கு வருகிறான். முதன்முதலாக அவன் மனிதரைக் காண்பது நான்காம் காண்டத்தில். நம்மவர்க்கு இந்தக் காப்பியம் முற்றிலும் புதிதன்று. வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் இதன் முதற் காண்டத்தைச் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழ்ச் செய்யுளாகவே ஆக்கியிருக்கிறார். கம்பனை ஆராய்ந்த வ. வே. சு. ஐயர் மில்டனைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டிருக்கிறார். ஆகவே, தமிழ்ச் சங்க மலரில் மில்டனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

இனிப் படத்திற்கு வருவோம்.

தாளில் பேனாவாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டிய ஓவியம் அது. உயரம் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர். ஆண்டு 1808. கீழே மலர்ப்படுக்கை, மேலே இலையும் பூவும் கவிந்த பந்தல். அதனிடையே ஆதாமும் ஏவாளும் முகத்தோடு முகம் சேர்த்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேர் மேலே, படத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, படுத்த நிலையில் மிதக்கிறான் சாத்தான். கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை. ஆதாமின் உடலைப் போலவே கட்டமைந்த இளமை உடல். அழகிய முகம், ஆனால் களையிழந்த முகம். அவன் மேனியைப் பெரிய பாம்பு ஒன்று வளைந்து வளைந்து சுற்றியிருக்கிறது. அதன் தலை அவன் முகத்தருகே வந்து நிற்கிறது. கீழே ஒரு தழுவல். மேலே ஒரு தழுவல். கீழே இருவர் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். மேலே அவனும் பாம்பும்.

முதன்முறை பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பிலேதான் கட்டுரையில் அந்த வாக்கியம் பிறந்தது.

சிவப்பு வட்டம் விழுந்த அன்று மாலையே நான்காம் காண்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். ஆயிரம் வரிக்கு மேல். அகராதியும் கையுமாக நான்கு நாள் ஆயிற்று. அங்கே நான் கண்ட சாத்தான் வேறு. மதில் தாண்டித் தோட்டத்தில் குதித்ததும் அவன் உயிர் மரத்தின் உச்சியில் ஏறி நீர்க்காகம் போல் உட்காருகிறான். அங்கிருந்தே அந்த இருவரையும் பார்க்கிறான். பிறகு கீழே இறங்கி விலங்குகளோடு விலங்காய்க் கலக்கிறான். இப்போது சிங்கம், பிறகு புலி என்று உருமாறி, அவர்கள் பேசுவதைக் கேட்க அருகே வந்து பதுங்குகிறான். அன்றிரவு உறங்கும் ஏவாளின் காதருகே தேரை போல் குந்தியிருந்து கெட்ட கனவை ஊதுகிறான். இத்தூரியேல் என்னும் தேவதூதன் ஈட்டி முனையால் தொட்டவுடன் சொந்த உருவம் வெளிப்படுகிறது. நீர்க்காகம், சிங்கம், புலி, தேரை. இந்த வரிசையில் பாம்பு உருவம் இல்லவே இல்லை. அவன் பாம்பிற்குள் புகுவது ஒன்பதாம் காண்டத்தில். ஏழு இரவுகள் இருளோடு இருளாக உலகைச் சுற்றிவிட்டு, உறங்கும் பாம்பு ஒன்றைக் கண்டு, அதன் வாய் வழியாக நுழைகிறான். நுழையுமுன், இந்த ஈன உடலில் ஒடுங்க நேர்ந்ததே என்று தன்னைத்தானே நொந்துகொள்ளவும் செய்கிறான்.

ஆக, பேராசிரியர் கேட்டது சரி. தழுவலைப் பார்க்கும் காட்சியில் சாத்தானுக்கு மனித உருவமும் இல்லை. மேனியில் பாம்பும் இல்லை. அப்படியானால் பிளேக் பாட்டைச் சரியாகப் படிக்கவில்லையா?

அப்படிச் சொல்ல நாக்கு எழாது. பிளேக் 1757இல் இலண்டனில் பிறந்து 1827இல் மறைந்தவர், பிழைப்புக்குச் செப்புத் தகட்டில் படம் செதுக்கியவர், கவிஞர். மில்டனையே தலைவனாக வைத்து 'மில்டன்' என்று ஒரு நெடும்பாட்டு எழுதியவர். அவரும் அவர் மனைவியும் தம் தோட்டத்தில் ஆதாம் ஏவாள் கோலத்திலேயே அமர்ந்து இந்தக் காப்பியத்தைப் படித்துக்கொண்டிருந்தார்களாம். வந்த நண்பரைக் கூசாமல் உள்ளே அழைத்தார்களாம். கில்கிறிஸ்ட் எழுதி 1863இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. நம்பாதவர்களும் உண்டு, எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் இப்படி ஒரு கதை கட்டப்படும் அளவுக்கு அவர் மில்டனில் ஊறியவர் என்பது மெய்.

இந்தக் காட்சியையும் அவர் ஒருமுறை வரைந்து விட்டுவிடவில்லை. தாமஸ் என்ற பாதிரியாருக்காக 1807இல் வரைந்த பன்னிரண்டு படங்களில், சாத்தான் ஒளிந்து பார்ப்பதையும் ரபேல் என்னும் தேவதூதன் விண்ணிலிருந்து இறங்குவதையும் ஒரே தாளில் சேர்த்து வரைந்தார். ரபேல் இறங்குவது ஐந்தாம் காண்டத்துச் செய்தி. மறு ஆண்டே, அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராயிருந்த தாமஸ் பட்ஸ் என்ற அன்பருக்காக இன்னும் பெரிய அளவில் மற்றொரு தொகுதி வரைந்தபோது, தேவதூதனை நீக்கிவிட்டார். மூவரும் பாம்பும் மட்டுமே எஞ்சினர். 1822இல் ஜான் லின்னல் என்ற இளைய ஓவியர் கேட்க, அதையே மறுபடியும் வரைந்தார். அப்போது பிளேக்கிற்கு வயது அறுபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. 1807ஆம் ஆண்டுப் படம் கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்திலும், 1808ஆம் ஆண்டுப் படம் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையிலும், 1822ஆம் ஆண்டுப் படம் மெல்போர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. இன்று இணையத்தில் அவற்றை நம் விடுதி அறையிலிருந்தே பார்க்க முடிகிறது. நான் பார்த்ததோ நூல் நிலையத்துப் பெரிய புத்தகத்தில். அதுவும் முதுகு தளர்ந்து, நூல் பிரிந்த புத்தகம்.

பதினைந்து ஆண்டுகளில் மூன்று முறை வரைந்தவர் கவனக்குறைவால் பாம்பைச் சேர்த்திருப்பாரா? வேண்டுமென்றே சேர்த்தார். ஏன் சேர்த்தார் என்று தேடப்போய்த்தான் எனக்கு இந்தக் கதையின் அடுக்குகள் புலப்பட்டன.

விவிலியத்தின் ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். மூன்றாம் அதிகாரத்தில் பாம்பு வருகிறது, ஏவாளோடு பேசுகிறது. சாத்தான் என்ற பெயர் அங்கே இல்லை. விலங்குகளிலெல்லாம் தந்திரமுள்ளது பாம்பு என்பதோடு சரி. அந்தப் பழைய பாம்பே சாத்தான் என்று அடையாளம் காட்டுவது விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தல். மரத்தின்மேலிருந்து யாரோ தம்பதிகளைப் பார்த்து மனம் வெதும்பினான் என்ற பேச்சே ஆதியாகமத்தில் கிடையாது. அது முழுக்க முழுக்க மில்டன் படைத்த காட்சி. மூல நூலில் பாம்பு மட்டும். மில்டனிடம் பாம்புக்குள் சாத்தான். பிளேக்கிடம் சாத்தானைத் தழுவிய பாம்பு. மூலத்திற்கு ஒருவர் உரை செய்கிறார். அந்த உரைக்கு இன்னொருவர் உரை செய்கிறார். உரை என்ற சொல் நமக்குப் பழகிய சொல். குறளுக்குப் பரிமேலழகர் செய்தது மொழிபெயர்ப்பு அன்றே! அவர் எங்கே விலகுகிறார், ஏன் விலகுகிறார் என்று பார்ப்பதிலேதான் சுவை. ஓவியத்தையும் அப்படிப் பார்க்கலாம் என்று எனக்கு அன்றுதான் தோன்றிற்று.

பிளேக்கின் உரையில் பாம்பு செய்யும் வேலை என்ன? கதையில் பின்னே வரப்போவதை முன்னே காட்டுகிறது என்பது முதல் விடை. ஒன்பதாம் காண்டத்துத் துயரம் நான்காம் காண்டத்து இன்பத்தின்மேல் ஏற்கெனவே நிழலாக மிதக்கிறது. பாட்டு ஐந்து காண்டம் நடந்து சேரும் இடத்தைப் படம் ஒரே நொடியில் காட்டியாக வேண்டும். அதற்குப் பாம்பு வேண்டும். இது எல்லோரும் சொல்லும் விடை, சரியான விடையுங்கூட. ஆனால் அது எனக்குப் போதவில்லை.

மற்றொரு விடை எனக்குக் கிடைத்தது நூல் நிலையத்தில் அன்று, விடுதி அறையில்.

என் அறை நண்பன் பக்கத்து மாவட்டத்துக்காரன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தாயும் தந்தையும் தங்கையும் வந்துவிடுவார்கள். டிபன் காரியரில் பராட்டாவும் ஊறுகாயும் வரும். அறையில் கட்டிலே ஆசனம். சிரிப்பும் சத்தமும் கலகலக்கும். தாய் அவன் தலையைத் தடவி இளைத்துவிட்டாய் என்பாள். அவன் இளைக்கவில்லை. என் ஊருக்கு இரண்டு பகல், இரண்டு இரவு இரயில் பயணம். கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மையார் என்னையும் "பேட்டா" என்று அழைத்துச் சாப்பிடச் சொன்னபோது, பசியில்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். விரித்த புத்தகம் நான்காம் காண்டம். ஒரு வரியும் ஓடவில்லை. முகம் சுவரைப் பார்த்தது. கண் மட்டும் ஓரமாக அவர்களிடமே போயிற்று. அந்தத் தங்கை அண்ணன் தட்டிலிருந்து பறித்துத் தின்றதுகூட எனக்குப் பொறுக்கவில்லை!

அவர்கள் போனபின் புத்தகத்தைப் பார்த்தேன். ஏவாள் ஆதாமிடம் தன் முதல் நினைவைச் சொல்லி முடித்து அவன்மேல் சாய்கிறாள், அவன் முத்தமிடுகிறான். அதைக் கண்ட சாத்தான் பொறாமையால் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்கிறான். திருப்பிக்கொண்டும் கடைக்கண்ணால் பார்க்கிறான். மில்டன் சொல்லியிருப்பது அவ்வளவே. பார்க்கவும் முடியவில்லை, பாராதிருக்கவும் முடியவில்லை. கண்ணிழந்த கவிஞர் கண்ணின் இந்தச் சிறு அசைவை எப்படிப் பிடித்தார் என்று வியந்தேன். அதன்பின் சாத்தான் தனக்குத்தானே பேசுகிறான். இவர்கள் ஒருவர் கைகளில் ஒருவர் சொர்க்கம் காண்கிறார்கள். எனக்கோ நரகம், அங்கே காதல் இல்லை, தீராத ஏக்கம் மட்டும் உண்டு என்று புலம்புகிறான். சற்று முன்னேதான், இவர்களை நேசிக்கவும் கூடும் என்றும் அவனே சொல்லியிருக்கிறான்.

மறுநாள் போய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். தலைப்பு, சாத்தான் பார்க்கிறான் என்று சொல்கிறது. ஆனால் படத்தில் அவன் முகம் பாம்பின் பக்கம் அல்லவா சாய்ந்திருக்கிறது! பிளேக் தீட்டியது, முகத்தை அப்பால் திருப்பிய அந்த நொடியை. அப்பால் திரும்பியவனுக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். தழுவ ஆள் இல்லாதவனைத் தழுவ ஏதாவது வேண்டும். பிளேக் அங்கே பாம்பை வைத்தார். அந்தப் பாம்பு வெளியிலிருந்து வந்து அவனைக் கட்டவில்லை. அவன் நினைப்பே நீண்டு, சுருண்டு, தலை தூக்கி, அவன் முகத்தையே பார்க்கிறது. நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேனே, அதுபோல.

மில்டன் தம்மையறியாமலே சாத்தான் பக்கம் சேர்ந்தவர் என்பது பிளேக்கின் பேர்பெற்ற கருத்து. 1790களின் தொடக்கத்தில் எழுதிய 'சொர்க்க நரகத் திருமணம்' என்னும் நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு, இந்தப் படமும் சாத்தானுக்குப் பரிந்து பேசுவது என்பார் உண்டு. அதற்கு நான் உடன்படவில்லை. பரிவு இருக்கிறது, பரிந்து பேசுதல் இல்லை. பாம்பின் பிடி அத்தனை இறுக்கம்.

அந்தக் காலத்து மற்ற ஓவியர்கள் இதே காப்பியத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1688இல் முதன்முதல் படங்களோடு வந்த பதிப்பில், பெரும்பாலும் மெதினா என்பவர் வரைந்தவை, ஒரே படத்தில் பல நிகழ்ச்சிகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். பியூசெலி 1799இல் இலண்டனில் மில்டனுக்கென்றே ஓவியக்கூடம் திறந்தார். வந்தவர் சிலர், நட்டம் பெரிது. ஜான் மார்ட்டின் 1820களில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படங்களில் மலையும் பள்ளமும் இருளும் ஒளியும் பிரமாண்டமானவை. மனிதர் மட்டும் எறும்பு. மார்ட்டினின் படத்தில் உலகம் பெரிது. பிளேக்கிடம் உலகமே இல்லை, நான்கு முகங்கள்தாம்.

பேராசிரியரிடம் இதையெல்லாம் சொல்லத் துணிவு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பதாம் காண்டத்தில், பழத்தைத் தின்றபின் ஆதாமும் ஏவாளும் மறைத்துக்கொள்ள இலை தேடுகிறார்கள். மலபாரிலும் தக்காணத்திலும் இந்தியர் அறிந்த மரம், கிளையிலிருந்து விழுது இறங்கி மண்ணில் ஊன்றும் மரம் என்று மில்டன் வருணிக்கிறார். நம் ஆலமரமேதான்! படித்ததும் எனக்கு ஊர்க் குளக்கரை நினைவுக்கு வந்தது. ஆனால் அதன் இலை கேடயம் போல் அகலமானது என்கிறாரே, அங்கேதான் சிரித்துவிட்டேன். ஆலிலையில் கேடயம் செய்தால் எலியோடுதான் போரிடலாம். மில்டன் ஆலமரத்தைக் கண்டவர் அல்லர், புத்தகத்தில் படித்தவர். ஏட்டில் கண்டதை நம்பி எழுதிய பிழை எனக்கு மட்டும் உரியதன்று என்று ஓர் ஆறுதல்.

அந்தத் துணிவோடு நான்காம் காண்டத்தை மூன்றாம் முறை படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஆதாம் ஏவாளின் முன் விலங்குகள் விளையாடுகின்றன. சிங்கம் ஆட்டுக்குட்டியைத் தன் பாதத்தில் ஏந்தித் தாலாட்டுகிறது. பருத்த யானை அவர்களைச் சிரிக்க வைப்பதற்காகத் தும்பிக்கையைச் சுருட்டிச் சுருட்டி வித்தை காட்டுகிறது. அதை அடுத்தே, பக்கத்தில் ஒரு பாம்பு. அவிழ்க்க முடியாத முடிச்சுப்போல் உடலைப் பின்னிப் பின்னி நெளிகிறது, பின்னால் வரப்போகும் வஞ்சகத்துக்குச் சான்று காட்டுகிறது, யாரும் கவனிக்கவில்லை. மூன்று நான்கு வரி. அப்புறம் மில்டன் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். அகராதியும் கையுமாகப் படித்த முதல் முறை நானும் கவனிக்கவில்லை. பிளேக் கவனித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். தரையில் விளையாட்டாய் முடிச்சுப் போட்ட அந்தப் பாம்பைத் தூக்கி, மேலே மிதந்தவன் மேனியில் சுற்றிவிட்டார்.

கட்டுரையையும் படப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். நான் பாட்டைப் படிக்காமல் எழுதியதை முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு அந்த வரிகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இது சாதாரணப் பாம்பு. இதற்குள் சாத்தான் இல்லை" என்றார். "ஆம் ஐயா. இன்னும் இல்லை" என்றேன்.

மதிப்பெண்ணை அவர் மாற்றவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து, "எந்த வரியில்?" என்று தாம் எழுதியிருந்ததற்குக் கீழே தாமே '347' என்று குறித்துக் கட்டுரையை என்னிடம் நீட்டினார்.